பனியன் வெட்டுத்துணியில் கைக்காகிதம்: தாள் ஏன் உதிர்கிறது, மை ஏன் ஊறுகிறது?

கேள்வி இதுதான்: திருப்பூரிலிருந்து பனியன் கட்டிங் வேஸ்ட் வாங்கி, பொடியாக நறுக்கி, ஊறவைத்து, மிக்ஸியில் அடித்துத் தாள் எடுத்திருக்கிறீர்கள். காய்ந்த தாள் பஞ்சை அழுத்தி வைத்தது போல இருக்கிறது. ஓரத்தைத் தேய்த்தால் உதிர்கிறது. மைப்பேனாவில் எழுதினால் மை பரவுகிறது. கூழில் ஏதாவது பசை கலந்தால் சரியாகுமா?

ஆகாது. இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். கூழ் போதுமான அளவு அடிபடாததால் தாள் உதிர்கிறது. சைஸிங், அதாவது நீர் ஊறாமல் தடுக்கும் சேர்மானம், இல்லாததால் மை ஊறுகிறது. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதில் கைவைத்தால் பசை பூசிய பஞ்சுதான் கிடைக்கும். தாளின் தரம், தாளெடுக்கும் வலைச்சட்டத்தை நீரில் அமிழ்த்துவதற்கு முன்பே நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு முடிவாகிவிடுகிறது. அதனால் தரம் பிரிப்பதைப் பற்றியும் அடிப்பதைப் பற்றியும்தான் இங்கே நீளமாக எழுதுகிறேன்.

பருத்தி இழை ஏறக்குறைய முழுக்கவும் செல்லுலோஸ். மரத்தில் கால் பங்கு அளவுக்கு இருக்கும் லிக்னின் என்ற பொருள் இதில் இல்லை. செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாகப் போவதற்கும் பருத்திக் காகிதம் அப்படிப் போகாததற்கும் இந்த லிக்னின்தான் காரணம். நம் ரூபாய் நோட்டுக்கான காகிதமும் பருத்திதான். ஆனால் இழை நல்லது என்பதாலேயே தாள் நன்றாக வந்துவிடாது. காகிதத்தை இணைப்பது பசை இல்லை. நீரில் ஊறிய செல்லுலோஸ் இழைகள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் படிந்து, இடையிலுள்ள நீர் வெளியேறும்போது, இழைக்கும் இழைக்கும் நடுவே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகிறது. இழைகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு வலு.

அந்தப் பரப்பை உண்டாக்குவதுதான் அடித்தல். மழுங்கிய இரும்புப் பட்டைகளுக்கு நடுவே இழை திரும்பத் திரும்ப நசுங்கும்போது அதன் வெளித்தோல் உரிந்து நுண்ணிய சிலும்புகள் எழும்புகின்றன. இழையும் நீரை உள்வாங்கி உப்பித் துவள்கிறது. மிக்ஸியின் பிளேடு இதைச் செய்வதில்லை, வெட்டுகிறது, அவ்வளவுதான். பஞ்சின் இழை நீளம் 25 முதல் 30 மில்லிமீட்டர். ஊசியிலை மரக்கூழின் இழை சுமார் 3 மில்லிமீட்டர். ஆகவே பருத்தியை ஓரளவு குட்டையாக்கவும் வேண்டும், நசுக்கவும் வேண்டும். மிக்ஸி முதல் வேலையை அரைகுறையாகச் செய்கிறது, இரண்டாவது வேலை நடப்பதே இல்லை. உங்கள் தாள் உதிர்வதற்குக் காரணம் இதுதான்.

இனி துணிக்கு வருவோம். பனியன் துணி பின்னல் துணி. நூல் முறுக்கு குறைவு, இழை சீக்கிரம் பிரியும். அதனால் ஜீன்ஸ், கேன்வாஸ் போன்ற நெசவுத் துணியைவிட இதை அடிப்பது பாதி வேலை. இதன் தொல்லை கலப்புதான். 'காட்டன்' என்று சொல்லி வரும் மூட்டையிலும் பாலியஸ்டர் கலந்த துண்டுகள் இருக்கும். கழுத்துப் பட்டி, கைப் பட்டிக்கான ரிப் துணியில் லைக்ரா இருக்கும். ஓவர்லாக் தையல் விளிம்பில் பாலியஸ்டர் நூல் இருக்கும். பிராண்டு அச்சடித்த துண்டில் பிளாஸ்டிசால் எனும் பிளாஸ்டிக் மை இருக்கும். இவை எதுவும் கூழாகாது. நீரில் ஊறாத இழை பிணைப்பிலும் சேராது. அச்சுத் துண்டுகள், தாளைக் காலண்டரில் (உருளைகளுக்கு நடுவே அழுத்தும் எந்திரம்) ஓட்டும்போது பளபளப்பான புள்ளிகளாகத் தெரியும்.

ஐயமுள்ள துண்டில் நாலு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கறுப்பு மணியாக இறுகும். லைக்ராவுக்குத் தீ தேவையில்லை, இழுத்தாலே தெரியும். தையல் விளிம்புகளையும் ரிப் துண்டுகளையும் வெட்டித் தள்ளிவிடுங்கள். பெரிய பட்டறைகளிலும் இது ஆட்கள் உட்கார்ந்து கையால் செய்யும் வேலைதான். இதில் கூலியை மிச்சம்பிடித்தால் கடைசியில் தாளைப் பொறுக்கி ஒதுக்கும் கூலி அதைவிட அதிகமாகும்.

நிறத்தையும் இப்போதே பிரித்துவிடுங்கள். பனியன் துணியில் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது இழையோடு வேதிப்பிணைப்பில் இருப்பதால் வேகவைத்தாலும் பெரிதாகப் போகாது. பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுக்க முயன்றால் சாயத்தோடு இழையின் வலுவும் போகும். நீலத் துணியில் நீலத்தாள், கறுப்பில் கறுப்புத்தாள் என்று துணியின் நிறத்தையே தாளின் நிறமாக எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தனியாகச் சாயம் ஏற்றும் செலவும் சாயநீர்த் தொல்லையும் இல்லை. வெள்ளைத் தாள் வேண்டுமென்றால் வெள்ளைக் கட்டிங்கையே கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள்.

பிரித்த துணியை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கவேண்டும். நீளக் கீற்றாக விட்டால் பீட்டர் (கூழ் அடிக்கும் எந்திரம்) உருளையிலும் மிக்ஸி தண்டிலும் சுற்றிக்கொள்ளும். நறுக்கியதைச் சல்லடையில் போட்டு உதறி, தூசியையும் குட்டை நூலையும் போக்குங்கள்.

வேகவைப்பது புதிய வெட்டுத்துணிக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் எந்திர எண்ணெய், ஃபினிஷிங்கில் ஏற்றிய சாஃப்ட்னர், மெழுகு போன்றவை போனால் துணி சீக்கிரம் ஊறும். சாஃப்ட்னர் மிச்சமிருந்தால் பிணைப்பும் கெடும். ஒரு கிலோ உலர்ந்த துணிக்கு 15 லிட்டர் தண்ணீர், 50 கிராம் சலவை சோடா, இரண்டு மணி நேரக் கொதி போதும். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் எடுங்கள். அலுமினிய அண்டா வேண்டாம், சோடா அதை அரிக்கும். பிறகு வழவழப்பு போய் நீர் தெளியும்வரை அலசவேண்டும். பழைய வேட்டி, படுக்கை விரிப்பு என்று பயன்படுத்திய துணியானால் வேகவைப்பதைத் தவிர்க்கவே கூடாது.

இனி அடிப்பது. பட்டறைகளில் இருப்பது ஹாலண்டர் பீட்டர், 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் உருவாக்கிய அமைப்பு. நீள்வட்டத் தொட்டி, நடுவே ஒரு தடுப்புச் சுவர், ஒரு பக்கத்தில் பட்டைகள் பதித்த கனமான உருளை, அதன் அடியில் அதேபோலப் பட்டைகள் பதித்த அடித்தட்டு. உருளை சுற்றும்போது கூழ் தொட்டியை வலம்வந்து, திரும்பத் திரும்ப இரண்டு பட்டைகளுக்கும் நடுவே நசுங்குகிறது. உருளையை ஏற்றி இறக்கி இடைவெளியை மாற்றலாம். எந்திரத்தின் உயிரே அந்தத் திருகில்தான் இருக்கிறது.

400 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ உலர்ந்த துணி, அதாவது இரண்டரை சதவீதம், நல்ல அளவு. முதலில் தண்ணீர், பிறகு உருளையைத் தூக்கிவைத்துத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். முதல் ஒரு மணி நேரம் துணி நூலாகப் பிரிவதற்கு. அதன்பின் அரை மணிக்கொருமுறை உருளையைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். பனியன் துணிக்கு மொத்தம் நாலு முதல் ஆறு மணி நேரம், கெட்டி நெசவுக்கு அதற்கும் மேல்.

அவசரப்பட்டு ஆரம்பத்திலேயே உருளையை முழுக்க இறக்கினால் என்ன ஆகும்? இழை வெட்டுப்பட்டுக் குட்டையாகும், நசுங்காது. ஒரு மணி நேரத்தில் பார்வைக்குக் கூழ் தயார் போலத் தெரியும், சட்டத்தில் நீர் சடசடவென்று வடியும், தாள் மொத்தையாகவும் மென்மையாகவும் வரும். உறிஞ்சுதாளுக்கு அதுதான் வேண்டும், எழுதும் தாளுக்கு ஆகாது. இதற்கு நேர்மாறாக, மென்மையான அழுத்தத்தில் நெடுநேரம் அடித்த கூழ் வழுவழுவென்று இருக்கும், நீர் மெதுவாக வடியும், தாள் மெல்லியதாக, சுண்டினால் சலசலப்பதாக வரும். அதையும் தாண்டி அடித்துக்கொண்டே போனால் தாள் கண்ணாடிபோல ஒளிபுகத் தொடங்கும், காயும்போது கண்டபடி சுருங்கும், வளையும். எங்கே நிறுத்துவது என்பது தாளின் பயனைப் பொறுத்தது.

நிறுத்தும் இடம் அறியக் கருவி தேவையில்லை. ஒரு சிட்டிகைக் கூழைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நூல் துண்டோ முடிச்சோ இல்லாமல் எங்கும் ஒரே சீரான மேகமாகத் தெரியவேண்டும். இன்னொரு கைப்பிடிக் கூழைப் பிழியுங்கள். நீர் பீய்ச்சிக்கொண்டு வந்தால் இன்னும் அடிக்கவேண்டும். தயங்கித் தயங்கி வந்து, விரலில் வழுக்கினால் போதும்.

பீட்டர் இல்லாதவருக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, இடிப்பது. ஹாலண்டர் வருவதற்கு முன் ஐரோப்பாவில் நீர்ச்சக்கரச் சம்மட்டிகள் இதைத்தான் செய்தன. வட இந்தியாவில் காலால் மிதித்து இடிக்கும் டெங்கி என்ற மர உலக்கைப் பொறி செய்தது. ஈரத் துணியைக் கெட்டியான மரப்பலகையில் வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்கலாம். உலக்கை என்றால் இரும்புப் பூண் இல்லாத முனையால் இடியுங்கள், பூண் துருவை விட்டுவிடும். கல் உரலில் மணல் உதிரும். ஒரு தடவைக்கு 100 கிராம் உலர் எடைக்கு மேல் எடுக்கவேண்டாம். மணிக்கணக்கில் ஆகும், ஆனால் தாளில் வித்தியாசம் தெரியும். இடித்த பிறகு, இழைகளைப் பிரித்துவிட மட்டும் மிக்ஸியைப் பயன்படுத்தலாம். முக்கால் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் உலர் இழை, பத்துப் பத்து வினாடியாக ஓட்டுங்கள். மோட்டார் சூடேறினால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது வழி, கலப்பது. அச்சகத்தில் கிடைக்கும் அச்சிடாத வெட்டுக்காகிதத்தைப் பாதிக்குப் பாதி சேருங்கள். அந்த மரக்கூழ் ஏற்கெனவே ஆலையில் அடிபட்டது, பிணைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். பள்ளிச் செயல்முறைக்கும் வாழ்த்து அட்டைக்கும் இது தாராளமாகப் போதும். முழுப் பருத்திக் காகிதம் என்று சொல்லி மட்டும் விற்கக்கூடாது. மூன்றாவது வழி, கைக்காகிதப் பட்டறை ஒன்றிடம் அடித்த கூழாகவே கேட்டு வாங்குவது. தொடர்ந்து செய்வதாக இருந்தால் அரைக் கிலோ கொள்ளும் சிறு பீட்டர்களும் உண்டு.

சட்டம் இரண்டு பகுதி. வலை அடித்த கீழ்ச்சட்டம், அதன்மேல் வெறும் விளிம்பாக உட்காரும் டெக்கிள். தேக்கு மரம், பித்தளைத் திருகு. இரும்பாணி அடித்தால் சில நாளிலேயே தாளில் பழுப்புப் புள்ளி விழும். வலைக்கு எவர்சில்வர் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) நல்லது. கொசுவலைதான் கிடைக்கிறது என்றால் அடியில் கெட்டியான பெரிய கண் வலை ஒன்றைத் தாங்கலாக அடியுங்கள். இல்லாவிட்டால் நடுவே தொய்ந்து, தாளின் நடுப்பகுதி தடிக்கும்.

தாளெடுப்பதில் இரண்டு முறைகள். தொட்டி முழுக்க அரை முதல் ஒரு சதவீதக் கூழைக் கலந்துவைத்து (நீர்மோர் பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) சட்டத்தால் அள்ளுவது ஒன்று. ஒவ்வொரு தாளுக்கும் பிறகு கூழ் நீர்த்துக்கொண்டே போகும், எடுத்த அளவைத் திரும்ப ஊற்றவேண்டும். அந்தக் கைக்கணக்கு வர நாளாகும். மற்றது, நீரில் அமிழ்ந்திருக்கும் சட்டத்துக்குள் ஒரு தாளுக்கான கூழை அளந்து ஊற்றி, கையால் பரப்பி, நெம்புகோலால் தூக்குவது. நம் பட்டறைகள் பலவற்றில் இதுதான். புதியவருக்கும் இதையே சொல்வேன், ஏனென்றால் கணக்கு நிச்சயம். ஏ4 அளவின் பரப்பு 0.0624 சதுரமீட்டர். 150 ஜிஎஸ்எம் (சதுரமீட்டருக்கு 150 கிராம்) தாளுக்கு 9.4 கிராம் உலர் இழை, அதாவது ஒரு சதவீதக் கூழில் 940 மில்லி. 56×76 சென்டிமீட்டர் முழுத்தாளுக்கு அதே கனத்தில் 64 கிராம், ஏறக்குறைய ஆறரை லிட்டர். ஒரு கிலோ இழையில் கணக்குப்படி 106 ஏ4 வரும். அலசலிலும் விளிம்பிலும் போவதைக் கழித்து 90 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை மட்டமாகத் தூக்கி, நீர் வடியும் முதல் சில வினாடிகளுக்குள் இடவலமாகவும் முன்பின்னாகவும் ஒரு குலுக்கல். இழைகள் எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்வது இதனால்தான். மேலே நீரின் மினுமினுப்பு மறைந்த பிறகு குலுக்கினால் தாள் விண்டுபோகும். தொட்டியைக் கிளறும்போது வட்டமாகச் சுழற்றாதீர்கள், நீண்ட பருத்தி இழை கயிறாகத் திரிந்து முடிச்சாகும். முன்னும் பின்னும் தள்ளிக் கிளறுங்கள்.

டெக்கிளை எடுக்கும்போது அதிலிருந்து தாள்மேல் நீர்த்துளி விழாமல் பாருங்கள். விழுந்த இடம் வட்டமாக மெலிந்து, காய்ந்தபின் வெளிச்சத்தில் பொட்டாகத் தெரியும்.

ஈரத்தாளை நனைத்த காடாத்துணிமேல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு உருட்டி மாற்றவேண்டும். உலர்ந்த துணியில் தாள் இறங்காது. அடுக்கு உயர்ந்ததும் பிரஸ்ஸில் வைத்து மெதுவாக அழுத்தம் ஏற்றுங்கள். ஒரேயடியாக இறுக்கினால் நீர் பக்கவாட்டில் பாய்ந்து இழையையும் தள்ளிக்கொண்டு போய் அலையலையாகக் கோடு விழும். வீட்டில் கெட்டிப் பலகை இரண்டு, இரும்புச் சட்டகம், லாரி ஜாக்கி ஒன்று இருந்தால் பிரஸ் தயார். அழுத்தம் வெறும் நீரை எடுக்க மட்டும் இல்லை, இழைகளை நெருக்கிப் பிணைப்பை உண்டாக்குவதும் அதுதான். கையால் ஒற்றி எடுத்த தாளுக்கும் ஜாக்கியில் அழுத்திய தாளுக்கும் வலுவில் நிறைய வித்தியாசம்.

நிழலில், துணியோடு சேர்த்தே கொடியில் போட்டுக் காயவையுங்கள், காய்ந்தபின் உரியுங்கள். வெயிலில் போட்டால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து சுருளும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது, அடுக்கைக் கொஞ்சமாக எடுத்து மின்விசிறிக் காற்றில் பரப்புங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தட்டையான தாள் வேண்டுமென்றால் கடைசிக் கட்டத்தில் துத்தநாகத் தகடுகளுக்கு நடுவே வைத்துக் காலண்டரில் ஓட்டுவார்கள். அந்தக் காலத்தில் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். சோழியைக் கொண்டும் தேய்க்கலாம், சிறு தாளுக்கு அதுவே அழகு.

இனி மை. நூற்றுக்கு நூறு செல்லுலோஸ் என்பது நூற்றுக்கு நூறு நீர் உறிஞ்சி. அதைத் தடுப்பது சைஸிங். பழைய முறை ரோசின் (பைன் மரப் பிசின்) சோப்பும் படிகாரமும். படிகாரம் மட்டும் போட்டால் பயனில்லை, ரோசினை இழைமேல் படியவைப்பதுதான் அதன் வேலை. இந்த முறையில் கூழ் அமிலமாகிறது, பல ஆண்டுகளில் தாள் நொறுங்கும். பருத்தியின் ஆயுளை நம்பித்தானே இந்தத் தொழிலே! போர்வெல் உப்புத்தண்ணீராக இருந்தால் ரோசின் சோப்பு திரிந்தும் போகும். அதனால் இப்போது ஏகேடி (அல்கைல் கீட்டீன் டைமர்) என்ற சைஸிங் மருந்தின் எமல்ஷன்தான் பரவலாக இருக்கிறது. காரப்பக்கம் சாய்ந்த கூழில் வேலை செய்யும், கால்சியம் கார்பனேட்டும் சேர்க்கலாம். செறிவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால் விற்பவர் தரும் அளவைப் பின்பற்றுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கொடியில் காய்ந்த தாளில் ஏகேடி உடனே பிடிக்காது. ஓரிரு வாரம் அடுக்கிவைத்த பிறகு எழுதிப் பாருங்கள், அவசரமென்றால் இஸ்திரி போடுங்கள். மறுநாளே எழுதிப் பார்த்து, மருந்து சரியில்லை என்று அளவை ஏற்றிக்கொண்டே போவது வழக்கமாக நடக்கும் தவறு.

நீர்வண்ணத் தாளுக்கு மேற்பூச்சாக ஜெலட்டின் இன்னும் மேலானது. ஒரு லிட்டருக்கு 30 கிராம், குளிர்ந்த நீரில் அரை மணி ஊறவைத்துப் பிறகு சூடாக்கிக் கரைக்கவேண்டும், கொதிக்கக் கூடாது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே நன்கு காய்ந்த தாளை முக்கி, வடித்து, லேசாக அழுத்தி உலர்த்துங்கள். சைவ வாடிக்கையாளருக்குக் கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சி பூசலாம். மை பரவுவது குறையும், நீர் ஊறுவது முழுக்க நிற்காது. ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. உதிரும் தாளை இந்த இரண்டிலும் முக்கினால் தொட்டியிலேயே கரைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூழில் வெள்ளைப் பசை கலக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பெரும்பகுதி நீரோடு வடிந்துபோகும், மிச்சம் வலையின் கண்ணை அடைக்கும், தாள் காடாத்துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

நம் சீதோஷ்ணத்தில் நீரோடு விட்ட கூழ் இரண்டு நாளில் நாறத் தொடங்கும். மிஞ்சியதைப் பிழிந்து உருண்டையாக்கிக் குளிர்பெட்டியில் வைக்கலாம், அல்லது முழுக்கக் காயவைத்துவிடலாம். சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் அதுவும் காகிதமாக இறுகும். வடிந்த நீரை அடுத்த தொட்டிக்கே திருப்பி ஊற்றினால் தண்ணீர்ச் செலவும் பாதியாகும்.

இந்தத் தொழிலை நேரில் பார்க்க வேண்டுமானால் தொலைவு போகவேண்டியதில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959 முதல் நடக்கிறது. முறையான பயிற்சிக்கு ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் தேசியக் கைக்காகித நிறுவனம் உள்ளது. அது தாங்கியிருப்பது தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் பெயர். 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்திக் கைக்காகிதத்துக்கு மறுவாழ்வு கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

ஏற்கெனவே எடுத்த உதிரும் தாள்களைத் தூக்கிப் போடவேண்டாம். பசை எதுவும் சேர்க்காதவை என்றால் கிழித்து ஒரு இரவு ஊறவைத்து, பிழிந்து, கொட்டாப்புளியால் நன்றாக இடித்து, பாட்டில் சோதனையில் தேறிய பிறகு மறுபடி எடுங்கள். முதலில் ஏ5 அளவில் 5 கிராம் இழையில் ஒரு தாள் எடுத்து, அழுத்தி, காயவைத்துச் சுண்டிப் பாருங்கள். சலசலத்தால் மீதியையும் அதே பதத்தில் எடுக்கலாம், சத்தமில்லாமல் தொய்ந்தால் இன்னும் ஒரு மணி நேரம் இடிக்கவேண்டும்.